எண்ணெய் டின்னில் தண்ணீர்

கல்யாணமாகிக் கடலூருக்கு வந்த முதல் ஐப்பசியிலேயே, நான் பரண்மேல் கட்டி வைத்திருந்த அவல் மூட்டையை என் ஓரகத்தி தெருவில் வீசி எறிந்தாள். மூட்டை அவிழ்ந்து அவல் சேற்றில் கொட்டியது. எதிர்வீட்டுக் கோழிகள் ஓடிவந்தன. அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, கோழிகள் தின்பதைப் பார்த்தபடி நின்றாள்.

"வந்து முழுசா ஒரு வருசம் ஆவல. எழவு வூட்டுக்குச் சாமான் சேக்கற மாதிரி சேத்து வெச்சிருக்கா பாரு" என்றாள், தெருவுக்கே கேட்கும்படி.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. முதுநகரில் உப்பனாற்றுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரே வீட்டில் இருந்தோம். நடுவில் முற்றம். அந்தப்பக்கம் அவர்கள், இந்தப்பக்கம் நாங்கள். அடுப்பு தனித்தனி. என் மூத்தார் மல்லாட்டை மண்டி வைத்திருந்தார்; நிலக்கடலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். என் கணவர் அண்ணனுக்குக் கீழே அதே மண்டியில் வேலை பார்த்தார். அதனால் அந்த வீட்டில் அவருக்கு வாய் கிடையாது. அவருக்கே இல்லாத வாய் எனக்கு இருந்ததுதான் எல்லோருக்கும் பொறுக்கவில்லை.

நான் சேர்த்து வைத்தது பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. அவல், வெல்லம், பொட்டுக்கடலை, கொஞ்சம் உப்பு. ஒரு பிஸ்கட் டின்னுக்குள் தீப்பெட்டியும் மெழுகுவத்தியும் வைத்து, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றியிருந்தேன். கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கப் படிகாரக்கட்டி. நீளமான நார்க்கயிறு. எல்லாவற்றையும்விட முக்கியமாக, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். மண்டியில் கழித்துப்போட்ட கடலை எண்ணெய் டின்கள் இரண்டைக் கேட்டு வாங்கி, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி ஊற்றி அலசினேன். எண்ணெய் வாடை முழுதாகப் போகவில்லை. குடிக்கத் தண்ணீர் இல்லாதவனுக்கு வாடை தெரியாது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சி ஊற்றுவேன்.

மூத்தார் அன்றைக்குச் சாப்பிட வந்தபோது முற்றத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, புயல் வந்தா ஹார்பர்ல கொடிமரத்துல கூண்டு ஏத்துவான். ரேடியோவுல சொல்லுவான். நீ என்னா, ஹார்பர் ஆபீஸரா?"

"கூண்டு ஏத்தினப்புறம் கடைக்குப் போனா அவல் கெடைக்காது மாமா" என்றேன்.

"வாய் ஜாஸ்தி" என்றார் தம்பியைப் பார்த்து. என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மறுநாளே நான் புதிதாக அவல் வாங்கிக் கட்டினேன். பரண்மேல் இடிக்கும் அளவுக்கு ஓடு தாழ்வாக இருந்தது. காற்றில் ஓடு பறந்தால் பரண் நனையும். தெருப்பக்கம் மட்டும் வீட்டுக்கு மச்சு உண்டு. மேலே ஒரு சின்ன அறை, கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியது, மூட்டை அடுக்குவதற்கு. முற்றத்து ஓரத்திலிருந்து அதற்குப் படி ஏறும். அந்த அறையில் ஒரு மூலை கொடுங்கள் என்று கேட்டேன். மூத்தார் அதற்குப் பெரிய பூட்டாக வாங்கிப் பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார்.

எனக்கு ஏன் இந்தப் பைத்தியம் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடக் கரையில் எங்கள் ஊர். நான் சின்னவளாக இருந்தபோது ஒரு வருஷம் கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் வந்தது. உடையாமல் மிஞ்சிய கரைமேல் போய் உட்கார்ந்தோம். நாலு பக்கமும் தண்ணீர். குடிக்கச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. செத்த மாடு மிதந்துவரும் தண்ணீரை எப்படிக் குடிப்பது? காய்ச்சலாம் என்றால் ஊரில் ஒருவரிடமும் நனையாத தீக்குச்சி இல்லை. என் தங்கை அழுது அழுது, யாரும் பார்க்காத நேரத்தில் கைநிறைய அள்ளிக் குடித்துவிட்டாள். பேதி கண்டது. வெள்ளம் அவளை இழுத்துக்கொண்டு போகவில்லை. வெள்ளத்துக்கு மேலே, எங்கள் மடியில், வறண்டுபோய்ச் செத்தாள். புதைக்க ஈரமில்லாத மண்கூட இல்லை.

இதை ஒருநாள் ஓரகத்தியிடம் சொன்னேன். சொன்னால் புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவள் கேட்டுக்கொண்டாள். பிறகு பக்கத்துத் தெருவில் ஒரு சீமந்தத்தில், நான் முன்வரிசையில் உட்காரப் போனபோது, அவள் அந்த வீட்டம்மாளிடம் சொன்னாள்: "இவள முன்னாடி உக்கார வெக்காதீங்க. கூடப் பொறந்தவளத் தண்ணிக்குக் குடுத்துட்டு வந்தவ. அதே நெனப்பா டின்னு டின்னா ரொப்பிகினு கெடக்கறா."

அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றிலிருந்து நானும் அவளும் பேசுவதில்லை. அவளுடைய இரண்டு பெண்கள்தான் நடுவில். "சித்திகிட்ட ஒரல் வேணும்னு சொல்லு." "அம்மாகிட்ட எடுத்துகினு போவச் சொல்லு." மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டு இப்படித்தான் குடித்தனம் நடந்தது.

பெண்கள் இரண்டும் என்மேல் பிரியமாக இருந்தன. பெரியவளுக்குப் பத்து வயதிருக்கும், சின்னவள் இரண்டாம் வகுப்பு. ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போனபோது தேர் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து என்னோடு வந்தார்கள். மூத்தார்தான் அனுப்பினார். வீட்டில் ஓயாமல் சண்டை, கொஞ்சம் அமைதி கிடைக்கட்டும் என்று நினைத்திருப்பார். தேர் பார்த்துவிட்டு எங்கள் ஊரில் தங்கினோம். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் எல்லோரும் நீந்துவார்கள். காய்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி இவர்களையும் இறக்கினேன். பெரியவள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். சின்னவளுக்குப் பயம். கை கால் அடிக்க வரவில்லை. அவளுக்கு மிதக்க மட்டும் சொல்லிக்கொடுத்தேன்.

"பயந்தா முழுவிடுவ. மல்லாக்கப் படு. வயித்தத் தூக்கு. மேல மானத்தப் பாத்துகினே இரு. தண்ணி உன்னத் தூக்கும்."

ஊர் திரும்புவதற்குள் குடுக்கை இல்லாமலே படுத்தாள். அந்தப் பெருமையை அவளால் அடக்க முடியவில்லை. கடலூர் வீட்டு வாசலில் கால் வைத்ததுமே, "அம்மா, நான் தண்ணிமேல படுத்தன்!" என்று கத்தினாள்.

அவளுக்கு முதுகில் ஒரு அறை விழுந்தது. பிறகு ஓரகத்தி முற்றத்தைக் கடந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். பேசாமல் இருந்த அத்தனை மாதத்துக்கும் சேர்த்துப் பேசினாள்.

"உன் தங்கச்சி போனது பத்தாதா? என் பொண்ணையும் வாய்க்கால்ல தள்ளிப் பாத்தியாடி?"

மறுபடி ஓங்கிய கையை நான் பிடித்துக்கொண்டேன். "இன்னொரு தரம் கை வெச்சீங்கன்னா நான் மரியாத பாக்கமாட்டன்" என்றேன். அவள் கையை உருவிக்கொண்டு போனாள். அதற்கப்புறம் பெண்கள் என் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவாயிற்று.

அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. கூண்டு ஏற்றினார்கள், மூத்தார் சொன்னபடியே. முதல்நாள் ரேடியோவிலும் சொன்னார்கள். அதைக் கேட்டுவிட்டு மூத்தார் செய்தது, விடியற்காலையில் என் கணவரையும் கூலியாட்களையும் கூட்டிக்கொண்டு மண்டிக்கு ஓடியதுதான். மூட்டைகளை மேடேற்ற வேண்டுமாம். வீட்டில் பெண்டு பிள்ளைகள் இருப்பது அவர் நினைவுக்கு வந்ததா என்று எனக்குத் தெரியாது.

போகும்போது என் கணவரை வாசலில் மறித்தேன். "மச்சு ரூம் சாவிய வாங்கிக் குடுத்துட்டுப் போங்க."

அவர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் சைக்கிளில் ஏறிவிட்டார். "வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டு இவரும் போனார்.

வெளிச்சம் வரும்போதே காற்று ஊளையிட ஆரம்பித்தது. ஓடுகள் சீட்டுக்கட்டு மாதிரி கலைந்து பறந்து முற்றத்தில் விழுந்து நொறுங்கின. கொஞ்ச நேரத்தில் சந்துப்பக்கமாக உப்பனாறு உள்ளே வந்தது. முதலில் கணுக்கால். ஒரு கை அள்ளி வாயில் வைத்துப் பார்த்தேன். உப்பு கரித்தது. கடல் தண்ணீர் ஆற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறது என்று புரிந்தது. இது வடிகிற தண்ணீர் இல்லை.

அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு மச்சுப்படி ஏறினேன். பூட்டை அடித்தேன். அந்தப்பக்கத் தாழ்வாரத்திலிருந்து ஓரகத்தி கத்தினாள்.

"ஐயோ, பூட்ட ஒடைக்கறாளே! இவ திருடி! ஊருல கேக்க ஆளில்லியா!"

பூட்டு உடையவில்லை, கொண்டி பெயர்ந்து வந்தது. பரண்மேல் இருந்த டின்களையும் மூட்டைகளையும் ஒவ்வொன்றாக மேலே ஏற்றினேன். மூச்சு வாங்கியது. நான் கடைசி மூட்டையை ஏற்றும்போது முற்றத்தில் தண்ணீர் முழங்காலுக்கு மேல். அந்தப்பக்கம் மூன்றுபேரும் கட்டில்மேல் ஏறி நின்றார்கள். அந்த அறைக்குப் பின்சுவர் மண்சுவர்.

"வாங்க இந்தப் பக்கம்!" என்று கத்தினேன்.

"நாங்க இங்கியே இருக்கோம். அவரு வந்துடுவாரு."

"செவுரு வுழுந்துடும்! புள்ளைங்களையாவது அனுப்புங்க!"

அவள் சின்னவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பெரியவள்தான் அம்மாவைக் கேட்காமல் கட்டிலை விட்டுக் குதித்தாள். நான் நார்க்கயிற்றின் ஒரு முனையைப் படித்தூணில் கட்டி, மறுமுனையை இழுத்துக்கொண்டு போய் அந்தப்பக்கத் தூணில் கட்டினேன். பெரியவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடந்து படியேறிவிட்டாள். அதைப் பார்த்தபிறகுதான் ஓரகத்தி சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்கு முன்னால் நான் போனேன்.

பாதி முற்றத்தில் இருக்கும்போது பின்சுவர் விழுந்தது. சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் தண்ணீர் மார்பில் மோதித் தள்ளியது. ஓரகத்தி இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் பிடிப்பார்கள். குழந்தை நழுவிவிட்டாள். தண்ணீர் அவளை வாசலுக்குப் போகும் நடைவழியாக உருட்டிக்கொண்டு போய்த் தெருவில் விட்டது.

ஓரகத்தியிடமிருந்து வந்த சத்தத்தை எழுத எனக்குத் தெரியாது.

அவளைப் படிக்கு இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டே மறுபடி போய், அந்தப்பக்கத் தூணில் கட்டிய முனையை அவிழ்த்து என் இடுப்பில் சுற்றிக்கொண்டு திரும்பினேன். கயிற்றின் நடுப்பகுதியை அவள் கையில் திணித்தேன். "கொஞ்சம் கொஞ்சமா உடுங்க. நான் கத்தினா இழுங்க. உட்டுடாதீங்க." அவள் தலையாட்டினாள். அந்த ஒரு நிமிஷம் அவள் கையில் என் உயிர் இருக்கிறது என்று நினைத்து எனக்குப் பயமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

நடையைத் தாண்டித் தெருவில் வந்தேன். தெருவில் தண்ணீர் அகலமாகப் பரவியதால் வேகம் கொஞ்சம் குறைந்திருந்தது. எதிர்ச்சாரியில் மண்டிக்கு வந்த ஒற்றை மாட்டுவண்டி ஒன்று சக்கரம் முழுகி நின்றது. அதன் நுகத்தடியில் தலை இடித்துக்கொண்டு சின்னவள் மல்லாந்து கிடந்தாள். செத்துவிட்டாள் என்று நினைத்தேன். கிட்டப் போகப் பார்த்தால் கயிறு தீர்ந்துவிட்டது. இடுப்பிலிருந்து அவிழ்த்துவிட்டு நீந்தினேன். பக்கத்தில் போனபோது அவள் கண் திறந்திருந்தது. மழை கண்ணில் அடிக்க அடிக்க வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு மட்டும் என்னவோ முணுமுணுத்தது.

அவளை முதுகில் போட்டுக்கொண்டு திரும்பினேன். கயிற்றின் நுனி எங்கே என்று தேடிப் பிடித்துக் கத்தினேன். ஓரகத்தி இழுத்தாள். நடைக்குள் எதிர்த்து வரும் தண்ணீரில் நீந்தவே முடியாது, அவள் இழுத்ததால்தான் வந்தேன். அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். அவள் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து ரத்தமாக இருந்தது.

மேலே மச்சறையில் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் ஒண்டினோம். மதியத்துக்குமேல் பக்கத்து வீட்டுக்காரர்கள் மொட்டைமாடி வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். கிணறெல்லாம் உப்புத்தண்ணீர். யாரிடமும் ஒன்றுமில்லை. நான் டின்னைத் திறந்தேன். ஆளுக்கு ஒரு தம்ளர், பிள்ளைகளுக்கு முதலில் என்று சொன்னேன். சொல்லிவிட்டுச் சின்னவளின் நெற்றிக் காயத்துக்குத் துணி கிழிக்கத் திரும்பினேன். அதற்குள் தம்ளர் ஓரகத்தி கைக்குப் போய்விட்டது.

"இந்தாங்க, குடிங்க. எங்க வூட்ல இதெல்லாம் எப்பவும் வெச்சிருப்போம்" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மூட்டையைத் தெருவில் வீசிய அதே கையால் அவலை வெல்லம் கலந்து பிடிப்பிடியாகக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "எண்ண நாத்தம்" என்றாள். "அவகிட்ட சொன்னா கேக்கறாளா? நல்ல டின்னா பாத்து எடுக்கக்கூடாது?" என்றாள் ஓரகத்தி.

எனக்கு அந்த இடத்திலேயே தம்ளரைப் பிடுங்க வேண்டும் போலிருந்தது. பிள்ளைகள் இருந்தார்கள். படிகாரத்தையும் டின்னையும் என் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, இனிமேல் தண்ணீர் நான்தான் ஊற்றுவேன் என்று சொன்னேன். அன்றும் மறுநாளும் நானே ஊற்றினேன். சுவரோடு சாய்ந்துகொண்டு, யாரும் அந்த டின்னைத் தொட முடியாதபடி இரண்டு காலையும் அதன்மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தண்ணீர் வடிந்தபிறகு மூத்தாரும் என் கணவரும் சேற்றில் நடந்து வந்தார்கள். மண்டியில் அத்தனை மூட்டையும் ஊறி உப்பிவிட்டதாம். இருவரும் மண்டிக் கூரை உத்தரத்தில் தொத்திக்கொண்டு பிழைத்திருக்கிறார்கள். மூத்தார் படியேறி வந்தார். மனைவியைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், சின்னவள் தலைக்கட்டைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். கொண்டி பெயர்ந்து பூட்டோடு தொங்கியது.

"பூட்ட யாரு ஒடச்சது?"

"நான்தான்" என்றேன்.

"யாரக் கேட்டு ஒடச்ச?"

நான் ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் நடந்ததைச் சொல்ல வேண்டியதுதான். ஒரு வாக்கியம் போதும். அவளோ கட்டுப்போட்ட ஒரு கையை மடியில் வைத்துக்கொண்டு, மறு கையால் தரையில் சிந்திய அவலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பெரியவள், "அப்பா, சித்திதான்..." என்று ஆரம்பித்தாள். "நீ சும்மா இரு" என்று அவளை அடக்கியது அம்மாதான்.

"புள்ளைங்கள உள்ள பத்திரமா வெச்சிருக்காம தண்ணியில எறக்கிக் கூட்டிகினு வந்தது யாரு? இவதான?" என்றார் மூத்தார். பிள்ளைகள் இருந்த அறையில் இப்போது கூரையும் இல்லை, சுவரும் இல்லை. ஏறிவரும்போது அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறார்.

என் கணவர் படியில் நின்றுகொண்டிருந்தார். உத்தரத்து ஆணி கிழித்து அவர் காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "கெளம்பு" என்றார். அந்த வீட்டில் அவர் தன் இஷ்டமாகச் சொல்லி நான் கேட்ட முதல் வார்த்தை.

ரயில் ஓடவில்லை. பரங்கிப்பேட்டை வரைக்கும் நடந்தும் வண்டியிலும் போய், அங்கிருந்து சிதம்பரம் போனோம். அவருக்கு ஒரு அரிசி ஆலையில் வேலை கிடைத்தது. கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை பிடித்தோம். கொஞ்ச நாளிலேயே முதுநகரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள்: புயல் புயல் என்று நான் வாய்வைத்து வாய்வைத்துத்தான் அது வந்தது என்று என் ஓரகத்தி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். மூத்தார் என்னைப் பூட்டுடைத்தவள் என்றே குறிப்பிடுவாராம்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவளைப் பார்த்தேன். சின்னவள் என்னைப் பார்த்ததும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். பாவாடை தடுக்கியது. வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பின்னாலேயே அவள் அம்மா வந்தாள். எதிரெதிரே நின்றோம். அவள் உள்ளங்கையில் தழும்பு வெள்ளையாக இருந்தது. ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். அவளும் அப்படியே நின்றாளோ என்னவோ. சொன்னது இவ்வளவுதான், அதுவும் பெண்ணிடம்: "வா, பந்தி போட்டுட்டாங்க."

பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். சின்னவள் நடந்துகொண்டே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பந்தியில் இடம் இருந்தது, என்னையும் கூப்பிட்டார்கள். அவளோடு ஒரே வரிசையில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. அடுத்த பந்தி வரைக்கும் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.